கிருமிகளுக்குச் சமைக்கிறவர்

ரியாசுதீன் இன்குபேட்டர் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். உள்ளேயிருந்து யாரும் வந்து தாழ் நீக்கப்போவதில்லை. உடம்புச் சூட்டிலேயே எப்போதும் இருக்கும் ஒரு பெட்டி அது. உள்ளே கண்ணாடித் தட்டுகள் அடுக்கியிருக்கும். நேற்று அவற்றில் விதைத்த கிருமிகள் ஒரே இரவில் பிள்ளைகுட்டி பெற்று ஒரு ஊராகியிருக்கும். "உசுரு இருக்கற எடங்க. தட்டாம தொறந்தா மரியாதை இல்ல" என்பார், யாராவது கேட்டால். கேட்காமல் நின்றாலும் என்பார்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலை மேல் இருக்கும் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில், 'பரிசோதனைக் கூடம்' என்று பலகை தொங்கும் அறை அவருடைய ராஜ்யம். ஊருக்கு அவர் லேப் பாய். ஐம்பதை நெருங்கும் வயது, நறுக்கிய தாடி, முழங்கை கிழிந்த வெள்ளைக் கோட்டு. கிருமிக்குச் சாயம் ஏற்றி ஏற்றி விரல் நுனிகள் ஊதாவாகிப் போனவை. வருஷம் முழுக்க எங்கோ ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர் போல இருப்பார். குடும்பம் கீழ்பென்னாத்தூரில். காலை பஸ்ஸில் வருவார், சாயங்கால பஸ்ஸில் போவார்.

அவருடைய வேலையில் பாதி சமையல். கிருமி சும்மா வளராது, அதற்குச் சாப்பாடு வேண்டும். இறைச்சிச் சாறு, உப்பு, அது இது எல்லாம் போட்டுக் காய்ச்சி, இறுகுவதற்குக் கடற்பாசித் தூள் சேர்த்து, பதம் பார்த்துத் தட்டுகளில் ஊற்றுவார். கொஞ்சம் நீர்த்துப் போனால் கிருமி வழுக்கும். இறுகினால் விதைக்கிற கம்பி கீறும். ரம்சான் மாதம் வந்தால் வீட்டில் மனைவி குர்ஷித் பேகம் அதே கடற்பாசியில் பாலும் சர்க்கரையும் ரோஸ் எசன்சும் விட்டு, தட்டில் ஊற்றித் துண்டு போட்டு நோன்பு திறக்க வைப்பார். வீடே ஆசையாகச் சாப்பிடும். ரியாசுதீன் மட்டும் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்வார். கல்யாணமான நாள் முதல் அந்த அம்மாளுக்கு இது ஒரு குறை.

இன்னொரு பழக்கம், மோந்து பார்ப்பது. திராட்சை வாசனை அடிக்கிற கிருமி உண்டு, அழுகல் மீன் வாசனை அடிக்கிறதும் உண்டு. தட்டைத் திறந்ததும் பெயர் சொல்வார். "மூக்கை உள்ள விடாதீங்க பாய், ஒரு நாள் ஏதாவது மூக்குக்குள்ள போயிடும்" என்று டாக்டர் இராமலிங்கம் திட்டாத நாளில்லை. திட்டிவிட்டு, "என்ன வாசனை?" என்றும் கேட்பார். பழகிப்போன மூக்கு ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. காப்பி, தலையணை உறை, பஸ் டிக்கெட், புதுச் சட்டை, எதையும் ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோகாமல் அவரால் ஏற்க முடியாது.

கரண்ட் போய்விட்டால் பெட்டி ஆறிவிடும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. முக்கியமான டியூபுகளைப் பஞ்சால் அடைத்துத் துணியில் சுற்றிச் சட்டைக்குள், விலாவோடு விலாவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கரண்ட் வரும்வரை யார் கூப்பிட்டாலும் எழமாட்டார், தும்மவும் மாட்டார். அடைகாக்கிற கோழி என்று நர்சுகள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இப்படிக் கிருமிகளோடு உறவாடுகிற மனிதர் மனிதக் கைகளிடம் மட்டும் படு கறார். யார் கையிலிருந்தும் தின்பண்டம் வாங்கமாட்டார். பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போகிறவர்கள் லட்டு கொடுத்தால் காகிதத்தை நீட்டுவார். சொந்த மகள் கல்யாணத்தில் சம்பந்தி ஆசையாக வாயில் ஊட்ட வந்த இனிப்பைக் கைக்குட்டையில் வாங்கி மடித்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டை அந்த வீட்டுப் பேச்சில் இன்னும் அவ்வப்போது விரியும்.

மத்தியானச் சாப்பாடு சந்திரம்மாள் மெஸ்ஸில். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. நாலு பெஞ்சு, வாழையிலை, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர். சந்திரம்மாள் சமைப்பார். அவருடைய வீட்டுக்காரர் அப்பாசாமி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பரிமாறுவார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குது" என்று அவர் பெஞ்சுகளுக்கு ஆள் ஏற்றுகிற அழகே தனி.

அந்த மெஸ்ஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பந்தி முடிகிற நேரத்தில் சந்திரம்மாள் வத்தக்குழம்புச் சட்டியில் சுடுசோற்றைப் போட்டு, அடியில் ஒட்டின மசாலாவெல்லாம் சேர வழித்துப் பிசைந்து, உருண்டை பிடித்துக் கொண்டுவருவார். தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும், உள்ளங்கையில் வைப்பார். அந்த உருண்டைக்காகவே சாப்பாட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருந்தார்கள். ரியாசுதீனுக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்று தலையாட்டுவார்.

"ஏன் பாய், என் கையில இன்னா வெஷமா வெச்சிருக்கேன்?"

"கை நல்ல கைதான்க்கா. நான்தான் சரியில்ல."

இதே கேள்வி, இதே பதில், வருஷக்கணக்காக. பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் நகர்ந்ததும் அந்த உருண்டை பக்கத்து ஆளுக்குப் போகும். இருவரும் சமையல்காரர்கள் என்பதால் மற்றபடி நல்ல சிநேகிதம். பதம், சூடு, அடிப்பிடிப்பது பற்றிப் பேசுவார்கள். கிருமிக்கு உப்பு ஜாஸ்தியா கம்மியா என்றுகூடச் சந்திரம்மாள் கேட்டு வைத்திருந்தார்.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் ஆஸ்பத்திரிக்கு டைபாய்டு ஜுரக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பாங்கு குமாஸ்தா, லாட்ஜில் தங்கியிருந்த ஆந்திராக்காரர், இரண்டு வாத்தியார்கள், ஒரு தையல்காரர். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை. "இவங்கல்லாம் எங்க சாப்பிடறாங்க பாய்?" என்றார் டாக்டர். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்த ரியாசுதீனுக்கு ஏற்கெனவே பதில் தெரிந்திருந்தது. எல்லாரும் பெஞ்சுத் தோழர்கள். உருண்டை வாங்குகிற கைகள். சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் சொன்னார்.

மெஸ்ஸில் வேலை செய்கிற எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து, நர்சு கூடவே நின்று மலத்தை வாங்கிச் சோதித்தார்கள். இந்த இடத்தில் ரியாசுதீனின் பாஷையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் எல்லார் குடலிலும் சாதாரணக் கிருமிகள் குடியிருக்கின்றன. அவை தட்டில் ரோஜா நிறத்தில் வளரும். அவருக்கு அவை 'வீட்டுக்காரங்க'. டைபாய்டு கிருமி அதே தட்டில் நிறமில்லாமல் வெளிறி வளரும், அது வாடகைக்கு வந்து உட்கார்ந்த 'குடக்கூலி'. சந்திரம்மாளின் தட்டில் ரோஜா வீட்டுக்காரர்களுக்கு நடுவே வெளிறிய குடக்கூலிகள் தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள். கை தவறியிருக்கும் என்று மறுபடி விதைத்தார். மறுபடியும் வந்தார்கள். மேற்கொண்டு செய்த சோதனைகளும் அதையே சொல்லின.

சில வருஷத்துக்கு முன்னால் வந்து போன ஜுரத்தின் கிருமி போகாமல் பித்தப்பையில் தங்கிவிட்டது, உங்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் உங்கள் கையால் மற்றவர்களுக்குப் போகும் என்று டாக்டர் விளக்கினார். சந்திரம்மாள் டாக்டரைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற ரியாசுதீனைப் பார்த்தார்.

"வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் பாய். நெசமாவே வெச்சிருக்கேன் பாருங்க."

தப்பித்துக்கொண்டவர் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் ரியாசுதீனுக்குக் கை கொடுத்தார்கள். அவருக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருஷம் வேண்டாம் வேண்டாம் என்றது ஏதோ சாபம் போலப் பலித்துவிட்டதாக அவருக்குப் பட்டது.

மறுநாள் சந்திரம்மாள் கோலப்பொடியை எடுத்துச் சமையல்கட்டு வாசலில் ஒரு கோடு போட்டார். யாரும் போடச் சொல்லவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் நிற்கும் அப்பாசாமிக்கு வாயால் சமைத்துக் காட்டினார். "இப்ப புளி. போதும். எறக்கு. எறக்குன்னா எறக்கணும்." அப்பாசாமி மனிதர் தங்கம், சாம்பார்தான் தகரம். மெள்ள மெள்ளப் பெஞ்சுகள் காலியாயின. ரியாசுதீன் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்து, அந்தச் சாம்பாரை முகம் மாறாமல் சாப்பிட்டு, இன்னொரு கரண்டியும் கேட்டார். சிநேகிதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புது மாத்திரை வந்தது. பம்பாய்க் கம்பெனி ஒன்று தயாரித்து, கடைக்கு விடுவதற்கு முன் ஊர் ஊராகச் சோதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் இராமலிங்கமும் அதில் சேர்ந்திருந்தார். முதல் பரீட்சை தட்டில். சந்திரம்மாளின் குடக்கூலிகளைத் தட்டு முழுக்கப் பரப்பி, பழைய மருந்தில் நனைத்த ஒரு காகிதப் பொட்டும் புது மருந்தில் நனைத்த ஒரு பொட்டும் வைத்தார் ரியாசுதீன். மறுநாள் பழைய பொட்டை ஒட்டி உரசிக்கொண்டு கிருமிகள் வளர்ந்திருந்தன. புதுப் பொட்டைச் சுற்றி அகலமாக, வட்டமாக, ஒன்றுமே இல்லை.

"இத மதிக்கவே இல்ல. அதுக்குப் பயந்து எட்ட நிக்குதுங்க" என்று டாக்டரிடம் காட்டினார். காட்டிவிட்டு, "தட்டுல ஜெயிச்சா ஆச்சா சார்? வவுத்துல ஜெயிக்கணுமே" என்றார்.

"அதுக்குத்தான் பாய் இந்த வேலையே" என்றார் டாக்டர்.

சந்திரம்மாளைப் போலவே நோவில்லாமல் கிருமி சுமந்துகொண்டிருந்த இன்னும் சிலரும் கிடைத்தார்கள். ஒரு டீக்கடைக்காரர், ஒரு பால்காரர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற ஓர் அம்மாள். எல்லாருக்கும் ஒரு மாதம் புது மாத்திரை. நிறுத்திச் சில வாரம் கழித்து, வீட்டிலிருந்து கொடுத்துவிடும் குப்பியில், இடைவெளி விட்டு மூன்று தடவை சோதனை. மூன்றிலும் குடக்கூலி இல்லையென்றால் கரண்டியைத் தொடலாம். சந்திரம்மாள் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். கார்த்திகை தீபத்துக்குள் முடிந்துவிடும்.

தீபம் என்றால் அந்த அம்மாளுக்கு உயிர். மெஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அடுப்பில் அவர் நிற்காத தீபம் இல்லை. சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து நடந்தே வருகிற சனம் மலையைச் சுற்றிவிட்டுக் கால் ஓய்ந்து வந்து பெஞ்சில் விழும். அவர்களுக்குச் சுடச்சுடப் போடுவதுதான் தன்னுடைய கும்பிடு என்று சொல்வார். "தீபத்துக்கு நான் உள்ள இருக்கணும் பாய். மத்தது எப்பிடியோ போவட்டும்" என்று ரியாசுதீனிடம் ஒரு தடவைதான் சொன்னார். ரியாசுதீன் அதைத் தினமும் நினைத்துக்கொண்டார்.

முதல் சோதனையில் சந்திரம்மாளின் தட்டு சுத்தம். வெளிறியது ஒன்றுகூட இல்லை. ரியாசுதீன் கோட்டைக் கழற்றாமலே மெஸ்ஸுக்கு நடந்து போய்ச் சொன்னார். அப்பாசாமி அன்று சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டார், சந்தோஷத்தில். இரண்டாவது சோதனையும் சுத்தம். "இன்னும் ஒண்ணுதான் பாய்" என்று டாக்டர் அவர் தோளைத் தட்டினார்.

பார்த்து முடித்த தட்டுகளைக் கொதிக்கவைத்துக் கழுவி மறுபடி உபயோகிக்க வேண்டும். அன்று பிற்பகல் கழுவ எடுத்தவர் சந்திரம்மாளின் தட்டை, பழக்கத் தோஷத்தால், வெளிச்சத்தில் தூக்கினார். பக்கத்தில் பால்காரரின் தட்டு. பால்காரரிடமும் குடக்கூலி போயிருந்தது. ஆனால் ரோஜா வீட்டுக்காரர்கள் தட்டு நிறைய இருந்தார்கள். சந்திரம்மாளின் தட்டில் யாருமே இல்லை. விதைக்காத தட்டு போல, ரம்சான் கடற்பாசி போல, பளிங்காக இருந்தது.

புது மருந்து வீட்டுக்காரர்களையும் சேர்த்து அடிக்கும்தான். ஆனால் நிறுத்தி இத்தனை வாரமாகிறது; மற்றவர்களுக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார்களே. வீட்டுக்காரனே இல்லாத வீடு எது? முதல் தட்டும் இப்படித்தான் இருந்தது என்பது அவருக்கு இப்போது நினைவு வந்தது. அன்று அவர் வெளிறியதை மட்டும் தேடினார். இல்லை என்றதும் ஓடிவிட்டார். அலமாரியில் சந்திரம்மாள் கொடுத்த குப்பியில் மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். அடிக்க வேண்டிய வாசனை அடியில் எங்கோ இருந்தது. அதற்கு மேல் டெட்டால்.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. தீபத்துக்காக இந்த அம்மாள் ஏமாற்றிவிட்டாளே என்று. கோபம் ஆறுவதற்குள் வேறொரு நினைப்பும் வந்து உட்கார்ந்தது: இந்த வாசனை தன் ஒரு மூக்குக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரை பெரும்பாலும் வேலை செய்துதான் இருக்கும். இன்னும் ஒரு தட்டு, அவ்வளவுதான், தீபத்துக்குச் சந்திரம்மாள் உள்ளே இருப்பார். அன்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஒன்று அவர் கண்ணெதிரே நிரம்பிப் போயிற்று. அடுத்ததையும் விட்டார்.

வீட்டில் உருதுதான். சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, நம்பின மனுஷி இப்படிச் செய்துவிட்டாள் என்று அலுத்துக்கொண்டார். குர்ஷித் பேகம் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆண்பிள்ளை கையில் அப்படி ஒரு குப்பியைக் கொடுக்க நேர்ந்தால், தானாயிருந்தால் அத்தரே ஊற்றியிருப்பேன் என்று. ரியாசுதீன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தோடு நிறுத்தினார். அவருக்கு இது தோன்றவேயில்லை. கோபம் போய்விட்டது, போனதும் வேலை இன்னும் கடினமாயிற்று.

காலையில் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் ஒரே சந்தோஷத்துல கோட்டை விட்டுட்டோம் பாய்" என்றவர், அந்த இரண்டு சோதனையும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து என்றார். தானே போய்ச் சொல்வதாகவும் சொன்னார். வேண்டாம், நான் போகிறேன் என்றார் ரியாசுதீன்.

பந்தி ஓய்ந்த நேரம். சந்திரம்மாள் கோட்டோரம் முக்காலியில் இருந்தார். தீபத்துக்காக வாங்கிப் போட்ட புளி மூட்டை சுவரோரம் இருந்தது.

"அக்கா, குப்பியில டெட்டால் ஊத்தினீங்களா?"

"ஒரு மூடி ஊத்தினேன். ஏன், கம்மியா பூடுச்சா?"

"எதுக்குக்கா ஊத்தினீங்க?"

சந்திரம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நீங்க எதையும் மோந்து பாக்கற ஆளு. இத்தினி வருசமா நம்ம எலையில உக்காந்து சாப்புட்ற மனுசன். அதப் போயி மோந்து பாப்பீங்களேன்னு நெனச்சா எனக்கு மானம் போவுது பாய். அதான், நாத்தம் தெரியாம இருக்கட்டும்னு."

ரியாசுதீன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புளி மூட்டையைப் பார்த்தார். பிறகு மெள்ள விளக்கினார். டெட்டால் குப்பிக்குள்ளேயே எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. வீட்டுக்காரர்களும் இல்லை, குடக்கூலியும் இல்லை. மாத்திரை கொன்றதா டெட்டால் கொன்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. "இருக்குதுன்னு நான் சொல்லலக்கா. இல்லன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. மறுபடியும் மொதல்லேர்ந்து பாக்கணும்."

"தீபம்?"

"தீபத்துக்கு ஆவாதுக்கா."

அப்பாசாமி உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தார். டெட்டால் விஷயம் பாயைத் தவிர யாருக்குத் தெரியும், இந்த ஒரு தடவை விட்டுவிடக் கூடாதா என்று இறங்கின குரலில் கேட்டார். டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது என்று ரியாசுதீன் வாய் திறப்பதற்குள் சந்திரம்மாள் முந்திக்கொண்டார்.

"அவருக்குத் தெரியுதில்ல. அது போதும்." பிறகு கையை நீட்டினார். "வேற குப்பி கொண்டாந்திருக்கீங்களா? குடுங்க. ஒண்ணும் ஊத்த மாட்டேன்."

தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. கிருமிக்கு விடுமுறை கிடையாது என்று சொல்லிக்கொண்டு ரியாசுதீன் மட்டும் வந்திருந்தார். உண்மையில் அன்று அவர் வராமல் இருக்க முடியாது; அன்றைக்குத்தான் சந்திரம்மாளின் புதுக் குப்பி வந்தது. கம்பியை விளக்கில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, தொட்டுத் தட்டில் இழுத்துக்கொண்டிருந்தபோது வெளியே 'அரோகரா' என்று ஊர் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. தட்டை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். உச்சியில் தீபம் நின்று எரிந்தது. தேரடித் தெருவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தபடி அந்த அம்மாளும் இதைத்தான் பார்ப்பார், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்று நினைத்துக்கொண்டார். அன்று மெஸ்ஸில் அப்பாசாமி எலுமிச்சைச் சாதம் மட்டும் போட்டார் என்று பின்னால் தெரிந்தது. அது மோசமில்லையாம்.

மறுநாள் ஊர் முழுக்க வாழைப்பட்டையும் செருப்புமாகக் கிடந்தது. ரியாசுதீன் அவற்றைத் தாண்டித் தாண்டி வந்து, நேரே பெட்டியிடம் போய்க் கதவைத் திறந்தார். தட்டவில்லை. தட்டாமல் திறந்தோம் என்பதே அவருக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. தட்டைத் தூக்கினார். ரோஜா, தட்டு நிறைய ரோஜா. நடுவில் வெளிறியதைத் தேடினார், ஓரத்தில் தேடினார், கண்ணாடி போட்டுத் தேடினார், டாக்டரைக் கூட்டிவந்து தேடச் சொன்னார். இல்லை. வீட்டுக்காரர்கள் எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள். குடக்கூலி காலி செய்துகொண்டு போய்விட்டிருந்தது.

ஆக, மாத்திரை எப்போதோ ஜெயித்துவிட்டது. வெட்கம்தான் அதை மறைத்து வைத்திருந்தது. இதைச் சொன்னபோது சந்திரம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்; தீபம் போன துக்கமும் அந்தச் சிரிப்பிலேயே கொஞ்சம் கரைந்தது. அடுத்த இரண்டு தட்டும் ரோஜாவாகவே வந்தன. மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வாசலில் போட்ட கோலப்பொடிக் கோட்டைத் தானே ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே போனார். அப்பாசாமி பெஞ்சுகளுக்குத் திரும்பினார். ஆட்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், முதலில் அந்த பாங்கு குமாஸ்தா.

சாம்பார் பழையபடி ஆயிற்று. ஒன்றுதான் இல்லை. சந்திரம்மாள் எதையும் கையால் தொட்டுப் பரிமாறுவதில்லை. அப்பளத்துக்கு இடுக்கி, ஊறுகாய்க்கு ஸ்பூன். சட்டி வழித்த உருண்டையும் நின்றுபோனது. யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால், அதெல்லாம் விட்டாச்சு என்று உள்ளே திரும்பிவிடுவார். தட்டு சொன்னதை ஊர் நம்பிவிட்டது. அவருடைய கை இன்னும் நம்பவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ரியாசுதீன் சாப்பிட்டு முடித்தும் இலையை மடிக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, மறுபடி அதே இலைமுன் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று சந்திரம்மாள் கதவோரம் வந்தார்.

"சட்டிய வழிச்சாச்சாக்கா?"

"இல்ல. ஊற வெக்கணும். ஏன்?"

"எனக்கு ஒரு உருண்டை வேணும்."

 அப்பாசாமி மோர் வாளியைக் கீழே வைத்தார். சந்திரம்மாள் உள்ளே போனார். குழாய் ஓடுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. பிறகு சட்டியில் சோறு விழுகிற சத்தம். வந்தபோது உருண்டை அவர் கையில் இல்லை. பெரிய எவர்சில்வர் கரண்டியில் இருந்தது. அதை இலை மேல் நீட்டினார்.

ரியாசுதீன் இலையை ஒதுக்கினார். ஊதா விரல்களைக் குவித்து, வெறும் வலக்கையை, கரண்டிக்கு எட்டாமல், சந்திரம்மாளின் கைக்கு நேராக நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.